மோக்போவிலிருந்து படகேறிய கணினிகள்

அவையை அழகுசெய்யும் தலைவர் அவர்களே! அனுபவத்தால் உயர்ந்த மூத்தோரே! கடற்பாசி உலர்த்திய ஈரக் கையோடு ஓடிவந்த தாய்மாரே! மோக்போ நகரிலிருந்து வந்திருக்கும் அலுவலக அன்பர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அலுவலக அன்பர்களே, உங்கள் கிடங்குகளில் உறங்கும் கணினிகளுக்காகப் பேச வந்தேன். பழுதா அவற்றுக்கு? இல்லை! பயன் தீர்ந்ததா? இல்லை! புதியது வந்தது, பழையது பூட்டப்பட்டது, அவ்வளவே!

போன வசந்தத்தில் நம் தீவுப் பள்ளியின் கணினிகள் ஒவ்வொன்றாகக் கண்மூடின. நகரத்துப் பள்ளியோடு திரைவழியே நடந்த வகுப்பு நின்றது. பிள்ளைகளை மோக்போ விடுதியில் சேர்க்கச் சொன்னார்கள். நம் தீவுத் தாய் மேங் சுனிமுக்கு ஒரே மகள், போரம். கணவனைக் கடல் கொண்ட வீட்டில் மிஞ்சியது அந்தக் குரல் ஒன்றுதான். அதையும் படகேற்றுவதா?

இத்தீவில் பிறந்த நான் வேலை பார்ப்பது மோக்போவில், ஒரு கப்பல் நிறுவனத்தில். அங்கே நல்ல கணினிகள் நொறுக்கப்படக் காத்திருந்தன. சுனிமை அழைத்துச் சென்று மேலாளர் பியோவின் முன் நிறுத்தினேன்.

"இதுக்குள்ள வாடிக்கையாளர் விவரம் கிடக்கும்மா. ஒண்ணு வெளிய போனாலும் என் சீட்டு கிழிஞ்சிரும்."

சிரிக்காதீர்கள்! அவர் அச்சம் நியாயமானது.

"விவரம் இருக்கற அந்த டிஸ்க்கைக் கழட்டி உங்க கண்ணு முன்னாடியே நொறுக்குங்க சார். மிச்சத்தைக் குடுங்க. எம்பொண்ணு எங்கூடவே இருக்கணும். வேற என்ன கேக்கறேன்?"

பியோ ஸ்க்ரூ டிரைவரைத் தானே கையிலெடுத்தார்.

பழைய டிஸ்க்குகள் நொறுங்கின. புதியவை வாங்கப் பாசி விற்றவர்கள் நீங்கள், தாய்மாரே! தட்டுங்கள், அந்தக் கைதட்டல் உங்களுக்கே உரியது!

கணினிகளோடு மேலாளரும் படகேறினார். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. குமட்டிக்கொண்டே ஒரு கணினியை மடியில் அணைத்திருந்தார்.

"கீழ வைங்க சார்!" என்றாள் சுனிம்.

"வேணாம்மா, கீழ தண்ணி தெறிக்குது."

மறுநாள் பள்ளியில் திரை விழித்தது. போரமின் நகரத்துத் தோழி அதில் தோன்றிக் கேட்டாள், "எப்ப இங்க வரப்போற?"

"வரலடி! இங்கயேதான் இருக்கப்போறேன்!" என்று கத்தினாள் போரம். சன்னலுக்கு வெளியே நின்ற சுனிம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அலுவலக அன்பர்களே! குப்பையில் எறிந்தால் அது மண்ணுக்கு நஞ்சு. கொடுத்தால் ஒரு தலைமுறைக்குக் கல்வி! எறிவீர்களா? கொடுப்பீர்களா? உரக்கச் சொல்லுங்கள்... ஆம், கொடுப்பீர்கள்!

கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் பியோ அவர்களே, கூச்சம் வேண்டாம், எழுந்து நில்லுங்கள்! இந்தக் கூட்டம் உங்களைப் பார்க்கட்டும். செவிகொடுத்த நெஞ்சங்களுக்கு நன்றி கூறி, கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்!