வேணாடு ஏரோட குரல்

சிரிக்காதேள் சார், நெஜமாத்தான் சொல்றேன். நானும் விமானக் கம்பெனில இருந்தவளாக்கும். அதோ, ஜன்னல் வழியா தெரியறதே பழைய டெர்மினல், அங்கதான். வேணாடு ஏர். கேட்டதில்லையா? நாகர்கோவில்காரர், கேட்டிருக்க மாட்டேள். இங்க திருவனந்தபுரத்துலயே அதுல போனவாளை விட போக முடியாம திரும்பினவாதான் ஜாஸ்தி.

முதலாளி குற்றாலலிங்கம். பழவங்காடிப் பக்கம் ஜவுளிக்கடை. யாரோ ஏத்திவிட்டா, பழைய விமானம் ரெண்டு வாங்கிட்டார். ஒண்ணு கோயம்புத்தூருக்குப் பறக்கும். இன்னொண்ணு எதுக்கா? அதைக் கழட்டிக் கழட்டித்தானே இதைப் பறக்கவிட்டா!

தொடக்க நாளைச் சொல்லணும் சார். பிள்ளையாருக்கு உடைச்ச தேங்காய் போறாதுன்னு விமானத்துக்கு முன்னாலயும் ஒண்ணு உடைச்சார். சில்லு தெறிச்சு நேரா இன்ஜினுக்குள்ள போயிடுத்து. திறந்து வைக்க வந்த மந்திரி கார்லதான் கோயம்புத்தூர் போனார்.

நானா? மைக்குல பேசறவ. மலையாளம், தமிழ், இங்கிலீஷ். மூணு பாஷைலயும் ஒரே பொய். மோசமான வானிலை காரணமாகன்னு சொல்லுவேன், வெளில வெயில் மண்டையைப் பிளக்கும். ஜனங்க மானத்தைப் பார்ப்பா, என்னைப் பார்ப்பா. நான் கீழே குனிஞ்சுப்பேன்.

மூடினதா? ஒரு நாள் கோயம்புத்தூர்ல ஆபீசர்மார் ஏறிப் பார்த்துட்டு, இது பறக்கத் தகுதியில்லைன்னு நிறுத்திட்டா. முதலாளி எனக்குப் போன் பண்றார். விஜயம், இனிமே விமானம் கிடையாது, வெளில சொல்லிடாதே, கலாட்டா பண்ணுவா, அரை மணி லேட்டுன்னே சொல்லிண்டிரு. சொன்னேன் சார். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போ அஸ்வதின்னு ஒரு பொண்ணு வந்தா. கோயம்புத்தூர்ல மறுநாள் காலைல இன்டர்வியூவாம். எத்தனையோ இடத்துல தட்டிப்போயி கடைசியா வந்ததாம். சேச்சி, இப்போ கிளம்பினா ட்ரெயினைப் பிடிச்சுடலாம், போகட்டுமா, இருக்கட்டுமான்னு கேக்கறா. என் முகத்தையே பார்த்துண்டு நிக்கறா. என்னால முடியலை. மைக்கை எடுத்தேன். வேணாடு ஏர் இனிமே பறக்காது, எல்லாரும் ஸ்டேஷனுக்கு ஓடுங்கோன்னுட்டேன்.

கலாட்டாவா? ஒருத்தர் கை தட்டினார் சார்! அப்புறம் எல்லாரும் தட்டினா. அஸ்வதி பையைத் தூக்கிண்டு ஒரே ஓட்டம். முதலாளி சாயங்காலமே என்னை டிஸ்மிஸ் பண்ணினார். கம்பெனியே இல்லை, எதுலேர்ந்து டிஸ்மிஸ்?

அந்தப் பொண்ணா? வேலை கிடைச்சுதோ என்னமோ, தெரியாது. ட்ரெயினைப் பிடிச்சிருப்பா. அப்படி ஓடினா.

ஐயோ, நான் பறந்ததா? ஸ்டாஃபுக்கு டிக்கெட் ஃப்ரீதான். உள்விஷயம் தெரிஞ்ச எவளாவது ஏறுவாளா? இன்னிக்குத்தான் முதல் தடவை. பயத்துலதான் வாய் ஓயலை. என் பையன் பைலட் வேலைக்குப் போறேன்னப்போ சண்டை போட்டு, சாப்பிடாம கிடந்து பார்த்தேன். கேக்கலை. அவன் ஓட்டற விமானத்துல காலே வைக்க மாட்டேன்னு இத்தனை வருஷம் இருந்தாச்சு. இன்னிக்கு அவனே டிக்கெட் எடுத்து, ஸ்ரீவராகத்துல என் வீட்டு வாசலுக்கே ஆட்டோவையும் அனுப்பிட்டான். என்ன பண்றது?

ஆங், மைக்குல பேசறான். கேப்டன் கௌசிக்னு சொன்னானே, அவன்தான் என் பையன்.

சித்த பேசாம இருங்கோ சார், கேட்டுக்கறேன்.