பராக்காவுக்கு ஒரு வேஷம்

— இல்ல பாஸ், இவ்ளோ நல்லாப் பேசக்கூடாது. கொஞ்சம் தப்பாப் பேசுங்க.

— எப்டி சார் தப்பா? அண்ணாகிராமத்து முந்திரித் தோப்புல நாலு வருஷம் கெடந்து கத்துக்கிட்டது. இப்டித்தான் வரும்.

— "நான் சரக்கு கொண்டு வர்றான், நீ துட்டு குடுக்குறான்." அந்த மாதிரி.

— அப்டிப் பேசுனா தோப்புல கொட்டை பொறுக்குற அக்காங்க சிரிப்பாங்களே சார்.

— தியேட்டர்லயும் சிரிப்பாங்க, அதுக்குத்தான்! பராக்கா பாஸ், ஒங்க ஒசரம் டைரக்டருக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. விட்றாதீங்க.

— ஏம்பா சினிமாக்காரத் தம்பி, ஒம் பேரு என்னா சொன்ன?

— கார்த்திகேசன்மா. அசிஸ்டெண்ட் டைரக்டர். நீங்க?

— வீட்டுக்காரி, இருசம்மா. இந்தத் தம்பி எங்க மாடியிலதான் குடியிருக்குது. டான்சானியாவுலேர்ந்து இம்மாந்தூரம் வந்து, சிதம்பரத்துல முந்திரிக்கு டாக்டரு பட்டம் படிக்குது. காபிய எடுத்துக்க. என்னா வேஷம் அதுக்கு?

— போன்ல காலேஜ் பையன் வேஷம்னாங்கம்மா. அதான் ஆசைப்பட்டு சரின்னுட்டேன்.

— காலேஜ் பையனேதான் பாஸ், பகல்ல. பொழுது சாஞ்சா கஞ்சா விப்பீங்க. கடைசியில பிச்சாவரத்துல படகுல வச்சு ஹீரோ ஒங்கள...

— அடிப்பாரு.

— எப்டி பாஸ் கண்டுபுடிச்சீங்க?

— எல்லாப் படத்துலயும் அதான சார். போன வருஷம் அப்டி ஒண்ணு வந்துச்சு. மறுநாளே தோப்புக்காரரு கேட்டப் பூட்டிட்டாரு. "நீ நல்ல புள்ளதான் தம்பி, ஆனா படத்துல பாத்துட்டேனே"ங்கறாரு. அந்த வருஷம் பூ பூத்ததயே நான் பாக்கல. இப்ப நானே நடிச்சா முடிஞ்சுது, படிப்ப மூட்ட கட்டிட்டு ஊருக்குப் போவ வேண்டியதுதான்.

— ஏம்பா, தம்பி முந்திரிக்கு மருந்தடிக்கிறாப்புல வச்சிக்கக் கூடாதா?

— மருந்தடிச்சா ஹீரோ எதுக்கும்மா அடிக்கணும்?

— அவனுக்கு வேற வேல கெடையாதா?

— அய்யோ அம்மா! கதைக்குக் கஞ்சா விக்கிறவன் ஒருத்தன் வேணும். மூஞ்சியப் பாத்ததும் ஜனங்க நம்பணும். அவ்ளோதான்.

— நல்லாவே நம்புறாங்க. போன மாசம் போலீசு வந்துச்சு. வாசல்ல செருப்பக்கூட வுடாம நேரா மாடிக்கு ஏறிட்டாங்க. தம்பி ரூமுல மூட்ட மூட்டயா காஞ்ச எல. முந்திரி எலதான். அத ஆளுக்கு ஒரு தடவ மோந்து பாத்தாங்க.

— மோந்து பாத்து தும்முனாங்கம்மா.

— சூப்பர் சீன்மா இது! அப்புறம் என்னாச்சு?

— அப்புறம் என்னா, கீழ எறங்கி வந்தாங்க. ஏம்பா, ஒனக்குக் கஞ்சா விக்கிறவன்தான வேணும்? எம் மவன் மணவாளனக் கூட்டிக்கிட்டுப் போ. செக்கச்செவேல்னு இருப்பான். நேத்துதான் ஜாமீன்ல வந்தான், உள்ள தூங்குறான்.