கட்டத்தின் ஓரத்தில் வாலு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மேசையில் மட்டும் முழங்கையை ஊன்றாதீர்கள், மை இன்னும் காயவில்லை. படக்கதை வரைகிற பிள்ளைகள், இவ்வளவு தூரம் வந்தவர்களை ஒரு கதை சொல்லாமல் அனுப்ப எனக்கு மனசு வராது. படக்கதைக்காரர் எப்படி வேலை செய்தார் என்றுதானே கேட்டீர்கள். அவர் என் வீட்டுக்காரர். அவருடைய பென்சில் கோடுகளின் மேல் மை போட்டவள் நான். என்னைவிட அதைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் வேலை அப்படிப் பிரிந்திருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைவார். நான் இந்த மேசையில் மை போட்டு, காய்ந்ததும் பென்சிலை ரப்பரால் அழிப்பேன். அச்சுக்குப் போவது என் கோடு. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் கை போன வழியில் என் கையும் போய்ப் போய்ப் பழகியது. "நான் சும்மா நெனைக்கிறேன், நீதான் அதை நெஜமாக்கறே" என்பார். கல்யாணமான புதிதில் சொன்ன பேச்சு. அதை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

படக்கதையில் வருகிற வாலு எங்கள் மகள் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ச்சலில் போனாள். அதற்குப் பிறகுதான் அவர் அவளை வரைய ஆரம்பித்தார். முன்பல் விழுந்த வாய், பாதி அவிழ்ந்த பின்னல், கால் மாற்றிப் போட்ட செருப்பு. முதல் பக்கம் என் மேசைக்கு வந்தபோது நான் அழவில்லை. நிப்பைத் துடைத்துக்கொண்டு பின்னலிலிருந்து தொடங்கினேன். அவளுக்குத் தலை வாரிவிடுவது போலவே இருந்தது.

புத்தகத்துக்குப் பின் புத்தகம் வந்தது. படித்த பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வாலு மட்டும் வளரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். தினமும் சொட்டு மருந்து விட்டால் பயமில்லை. விட்டுவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து கரையும், போனது திரும்பாது. அவருக்குத் தன் கண்ணில் தானே மருந்து விட வராது. பாதி கன்னத்தில் வழியும். "இதுதான் ஊரே மெச்சற கையா?" என்று கேலி செய்துவிட்டு நான் விடுவேன்.

ஒரு நாள் காலையில் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். கடைசிப் பக்கத்தை முதலில் ஒரு மாதிரிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் முதலிலிருந்து வருவது அவர் வழக்கம். அந்தத் தாளில் காலியான ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலை வரைந்திருந்தார்.

"என்னங்க இது?"

"கடைசிப் புத்தகம். அவளை அனுப்பி வச்சிடலாம்மா."

"எங்க அனுப்பறது?"

"எவ்வளவு காலம்தான் பிடிச்சு வச்சுக்கறது? அவளுக்குக் கால் வலிக்காதா?"

"உங்ககிட்ட வந்து சொன்னாளாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர். முடிவு செய்துவிட்டால் மட்டும் காது கேட்காது.

நான் நிதானமாக யோசித்தேன். பெற்ற பிள்ளையை ஒரு தடவை பறிகொடுத்தாயிற்று. இரண்டாம் தடவை என் கையாலேயே மை போட்டு அனுப்பச் சொல்வது நியாயமில்லை. இது உங்களுக்கே தெரியும். அவர் கையைக் கட்டிப் போட முடியாது. அதனால் தீர்ந்துபோன மருந்துப் புட்டியைக் கழுவி, அதில் தண்ணீர் நிரப்பினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான். பச்சைத் தண்ணீர் கண்ணுக்கு ஆகாது.

பரிசோதனை வரும் வாரங்களில் மட்டும் நிஜ மருந்தை விட்டேன். "அழுத்தம் சரியா இருக்கு, ஆனாலும் நரம்பு கெடுது. சில பேர் கண்ணு அப்படி. நீங்க குறையில்லாமத்தான் பார்த்துக்கிட்டீங்கம்மா" என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பார்வை கரைவது டாக்டருக்கு முன்பே, அவர் வரைந்த பக்கங்களில் எனக்குத் தெரிந்தது. கட்டத்தின் நடுவில் எல்லாம் இருக்கும். மூலைகள் வெள்ளையாக வரும். வெள்ளையாக விட்டது அவருக்குத் தெரியாது. நான் நிரப்பினேன். ஒரு ரிப்பன். கதவிடுக்கில் ஒரு கால். அலமாரிக்குப் பின்னால் வாலுவின் பாதி முகம். பத்திரிகையில் தொடராக வந்ததும் பதிப்பாளர் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"சார், ஓரத்துல என்னமோ பண்ணி வச்சிருக்கீங்க. என் வீட்டம்மா பத்திரிகையைக் கவுத்து வச்சிட்டுத்தான் தூங்கறா."

"ஓரத்துலயா?" என்று இவர் என் பக்கம் திரும்பினார்.

"அடக்கத்தைப் பாரு" என்று பதிப்பாளர் சிரித்தார்.

இன்றைக்குப் படக்கதை வரைகிற எல்லாரும் கட்டத்தின் ஓரத்தில் எதையாவது ஒளித்துவைக்கிறார்கள். நீங்களும்தான். அது இந்த மேசையில் பிறந்தது.

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவருக்குப் பென்சில் முனையே தெரியவில்லை. வாயால் சொன்னார். "கட்டில். போர்வை மடிச்சிருக்கு. ஜன்னல் திறந்திருக்கு. யாரும் இல்ல." "போட்டுட்டேங்க" என்றேன். நான் போட்டது, வாலு கட்டிலில் எழுந்து உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்வதை. கால் மாற்றித்தான். அதற்குப் பின் வந்த புத்தகங்களெல்லாம் அவர் பெயரில் நான் வரைந்தவை. அவருடைய பொற்காலம் என்று நீங்கள் சொல்வது அவற்றைத்தான். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என் நிப் கீறும் சத்தத்தைக் கேட்டபடியே இருந்து, போன வருடம் போய்ச் சேர்ந்தார்.

ஒரே ஒரு தொந்தரவு. வாலு இப்போது என்னைப் பார்ப்பதில்லை. எப்படி வரைந்தாலும் கண்மணி ஓரத்துக்குப் போய்விடுகிறது, அந்த நாற்காலிப் பக்கம். வெள்ளை பூசி மறைத்து, நேராகப் பார்க்கிற மாதிரி மறுபடி போடுகிறேன். காய்ந்ததும் பார்த்தால் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதோ, இந்தக் கட்டத்திலும்.

என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவருக்கும் சம்மதம்தான். பதிப்பாளர் வந்து போன மறுநாள், நடுவில் உள்ளங்கை அளவு பார்வை அவருக்கு மிச்சம் இருந்தபோது, நான் மருந்து விடப் போனேன்.

"இது முன்னெல்லாம் தினமும் எரியும். இப்ப டாக்டர்கிட்ட போற வாரம் மட்டும்தான் எரியுது" என்றார்.

"பழகிப்போச்சுங்க."

என் கையிலிருந்த புட்டியை வாங்கி, தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சித்த நடுவுல வந்து நில்லு. உன்னைப் பார்த்துக்கறேன்" என்றார். நின்றேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தலையை அண்ணாந்து, தன் இமையைத் தானே பிரித்துக் காட்டினார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நிஜ மருந்து கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில்தான் இருந்தது.

இருட்டுவதற்குள் கிளம்புங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செருப்பு கொள்ளாமல் கால் வளர்ந்து, உங்கள் தலைக்கு மேல் நிமிரட்டும். உடம்புக்கு முடியாதவர்களுக்கு வேளை தவறாமல் மருந்து விட, என் கை மாதிரி ஒரு கை உங்கள் வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும்.