ஓரகத்தியின் ஊசி

என் பெயர், வயது, முகவரி மேலே எழுதியிருப்பது சரி. தொழில் தையல். தற்போது மருத்துவமனையில் தனி அறையில் படுத்திருக்கிறேன். முகக்கவசம் போட்டு எட்டத்தில் உட்கார்ந்திருக்கும் காவல் அதிகாரி கேட்க, யாருடைய மிரட்டலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

நானும் என் கொழுந்தன் மனைவியும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். முன்னறையில் இருவரும் சேர்ந்து தையல்கடை வைத்திருக்கிறோம். அவள் என்னை அக்கா என்பாள். இருவருக்குமே கை மூட்டுகளில் முடக்குவாதம். எனக்குத்தான் முதலில் வந்தது. எனக்கு விரல் வீங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோது யாரும் டாக்டரிடம் ஓடவில்லை. அவளுக்கு வந்த பிறகுதான் இருவரையும் ஒன்றாக அழைத்துப் போனார்கள். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டரம்மா புது ஊசி ஒன்றைப் பற்றிச் சொன்னார். மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று பெயராம். நாங்கள் தையல்காரிகள் என்பதால், "ஒரு கொக்கி அதுக்குன்னு இருக்கிற கண்ணுலதானே மாட்டும்? இந்த மருந்தும் அப்படித்தான். வீக்கத்தைக் கிளப்புற ஒரு பொருளை மட்டும் தேடிப் பிடிச்சு மாட்டிக்கும்" என்றார். அதன் பிறகு அவளுக்கு ஊசி எழுதினார். என்னிடம், "உங்க உடம்புல காசநோய்க் கிருமி தூங்கிட்டிருக்கு. இதைப் போட்டா முழிச்சிக்கும். முதல்ல அதுக்கு மாத்திரை சாப்பிட்டு முடிங்க, அப்புறம் இதே ஊசியை உங்களுக்கும் போடலாம்" என்றார். எனக்கு இருமல்கூடக் கிடையாது. தூங்குகிற கிருமிக்கு மாத்திரையா, யாரிடம் கதை அளக்கிறார் என்று நினைத்து, மாத்திரையைத் தொடவே இல்லை.

அதன் பிறகு ஊசிப் பெட்டி எங்கள் ஃபிரிட்ஜில் வந்து உட்கார்ந்தது. "அடிக்கடி கதவைத் தொறக்காதீங்கக்கா, ஊசி கெட்டுடும்" என்பாள். அந்த ஃபிரிட்ஜ் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. சில வாரங்களில் அவள் விரல்கள் நிமிர்ந்தன. என்னிடமே தைத்து வந்தவர்கள் "சின்னவங்க கையால தைச்சுக் குடுங்க" என்று கேட்டார்கள். என் கணவரும், "அவ தையல் என்னமா வந்திருக்கு பாரு!" என்றார். "மருந்து தைக்குது, அவ எங்க தைக்குறா?" என்றேன். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை.

அடுத்த மாதம் மருந்து கொண்டுவருபவர் வந்தபோது நான்தான் வாங்கினேன். பெட்டியில் இரண்டு ஊசி இருந்தன. அவள் வெளியே போயிருந்தாள். ஒன்றை எடுத்து, அவள் போடுவதைப் பார்த்திருந்தபடியே என் தொடையில் போட்டுக்கொண்டேன். மருந்துக் கடைக்காரர் தன் தவறு என்று நினைத்து வேறு ஊசி அனுப்பினார். அதற்கடுத்த பெட்டியிலும் எடுத்தேன். மூன்றாவது தடவையும் ஒன்று குறைந்ததும் என் கொழுந்தன் மருந்து கொண்டுவருபவர் மீது போலீஸில் புகார் கொடுத்தார். அந்த மனிதர் எங்கள் வாசலில் நின்று, "பெட்டி பிரிக்காம இருந்துச்சுன்னு நீங்களாச்சும் சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினார். "எனக்கு எங்க கண்ணு தெரியுது" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் ஊசியில் நூல் கோர்த்தேன். முதல் தடவையிலேயே நுழைந்தது.

அதன் பிறகு சாயங்காலக் காய்ச்சலும் இருமலும் வந்தன. கடையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இருமினேன். சளியில் ரத்தம் கண்டதும் அவள்தான் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கை எப்படி மடங்குது?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன். அவர், "உங்க உடம்புல கிருமி இருக்குன்னு காட்டிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையிலயும் இதே வகை ஆன்டிபாடிதான் வேலை செஞ்சது. அது சொன்னதைக் கேக்கல, ஊசியை மட்டும் எடுத்துக்கிட்டீங்க" என்றார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் இந்நேரம் எனக்கே சொந்தமாக ஊசி எழுதியிருப்பாராம்.

மருந்து கொண்டுவந்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவரை விட்டுவிட வேண்டும்.

என் இருமல்பட்டுக் காசநோய் தொற்றியிருக்கலாம் என்று ஓரகத்திக்கும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். எப்போது திரும்பத் தொடங்குவார்கள் என்று சொல்லவில்லை. நேற்று அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினாள். சுண்டுவிரல் நிமிரவில்லை. இத்தனை நாள் நான் ஆசைப்பட்டது அதைப் பார்க்கத்தான். பார்த்ததும் தலையணையில் முகத்தை வைத்து அழுதேன். நோவு தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து, நர்ஸைக் கூப்பிட அவள் ஓடினாள்.

நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டினார்கள், சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஊசி நின்று விரல்கள் மறுபடி மடங்காததால் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.