அட்டை என் பேரில் தொங்குகிறது

ஹலோ... ஹலோ, மேடம்? ... நான்தான் மேடம், வைஸ் பிரின்சிபல்... ஆமா, ஆமா, ஸ்கூல்லேருந்துதான். நம்ம புது முறையைப் பத்திப் பேச மாநாட்டு மேடை ஏறிட்டீங்களா? ... இன்னும் ரெண்டு பேர் பேசணுமா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் ஹாலை விட்டு வெளிய வாங்க. ... சத்தமா பேச முடியாது. பரீட்சைப் பேப்பர் கட்டு அடுக்கற ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நிக்கறேன்...

ஒரு பொண்ணைக் காணோம்.

... காணோம் மேடம், காணோம். ... போன மாசம் அஞ்சாவதுல சேர்ந்தாளே, ரெட்டைப் பின்னல், கண்ணாடி... ஆமா, ஆமா, அதே பொண்ணு. பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு அவங்க அம்மா பதினோரு மணிக்கு வந்தாங்க. இப்ப பன்னண்டு ஆகப் போகுது. ஆபீஸ்ல உக்காந்திருக்காங்க.

... தேடாம இருப்போமா? மண்பாண்ட ரூம், கம்ப்யூட்டர், தச்சு ஷெட், லைப்ரரி, பாத்ரூம், எல்லாம் பாத்தாச்சு. ஒரு பிள்ளைகூட கேட்டைத் தாண்டலன்னு வாட்ச்மேன் சத்தியம் பண்றாரு. ... தண்ணித் தொட்டியும் பாத்தேன். மூடியை நானே தூக்கிப் பாத்தேன்.

... கோவிச்சுக்காதீங்க, இதைச் சொல்லாம இருக்க முடியல. முன்ன எல்லாம் அஞ்சாம் வகுப்புன்னா ஒரு ரூம், நாப்பது பேர். ஒருத்தி வரலன்னா பல்லு விழுந்த இடம் மாதிரி பளிச்சுனு தெரியும். நீங்க பெல்லை எடுத்தீங்க, வகுப்பை எடுத்தீங்க, எந்த ரூமுக்குப் போகணும்னு பிள்ளைங்களே முடிவு பண்ணட்டும்னீங்க. இப்ப என்ன ஆச்சு? கம்ப்யூட்டர்ல இருப்பான்னு மண்பாண்ட டீச்சர் நினைச்சிருக்காங்க. லைப்ரரியில இருப்பான்னு கம்ப்யூட்டர் சார் நினைச்சிருக்காரு...

... எந்த ரூம்ல இருக்கோம்னு பிள்ளைங்க பேர் அட்டை மாட்டற போர்டா? ... பாத்தேன், பாத்தேன். அவ பேர் அட்டை தொங்குது. ... எந்தக் கொக்கியிலயா? ... அது வந்து... லைன் விட்டு விட்டுக் கேக்குது மேடம். ... ஹலோ? ... கேக்குது, கேக்குது. கத்தாதீங்க.

என் கொக்கியில.

... ஆமா. 'வழிகாட்டி ஆசிரியருடன்'னு ஒரு வரிசை இருக்குல்ல, அதுல என் பேருக்குக் கீழ. அவங்க அம்மாவும் பாத்துட்டாங்க. 'என் பொண்ணு ஒரு சார்கூட இருக்கான்னு போட்டிருக்கே, அந்த சாரைக் கூப்பிடுங்க'ன்னு கிளார்க்கை உண்டு இல்லன்னு ஆக்கறாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். 'தேடிட்டிருக்கோம்மா'ன்னு ஒரு டம்ளர் தண்ணியைக் குடுத்துட்டு நழுவிட்டேன். ... சொல்லல மேடம். நான்தான் அந்த சாருன்னு எந்த வாயால சொல்றது?

... என்கூட இல்ல. ... இல்ல, காலையிலயும் இல்ல. ... அவகிட்ட நான் ஒரு தடவைகூடப் பேசினதில்ல.

... வழிகாட்டி நோட்டா? ... ஆமா, அதுல இருக்கறது என் கையெழுத்துதான். 'மாணவியைச் சந்தித்தேன், பேசினேன், அறை தேர்வு செய்தாள்.' தினமும் இருக்கு. ... இன்னிக்கும் இருக்கு. ... நாளைக்கும் இருக்கு மேடம்.

... மாசக் கடைசி வரைக்கும் போட்டுட்டேன்.

... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. ... இருபத்தாறு வருஷமா ரெஜிஸ்டரும் அப்படித்தான் போட்டேன், ஒரே இழுப்புல. அப்ப கண்ணு முன்னாடி பிள்ளைங்க உக்காந்திருந்தாங்க, வெளிய தெரியல. நீங்க எல்லாத்தையும் மாத்தினீங்க, இந்தக் கை மாறலையே...

என்ன? ... மேடையில என்ன சொல்லப் போறீங்க? ... 'இந்த முறை பிள்ளைங்களுக்கு ஆபத்து, நாங்க நிறுத்திட்டோம், நீங்களும் தொடாதீங்க'ன்னா? ... வேண்டாம் மேடம். வேண்டாம், கேளுங்க. முதல் நாள்லேருந்து இதை எதிர்த்தவன் நான். நீங்க நிறுத்தினா எனக்குக் கொண்டாட்டம்தான். ஆனா நான் ஒரு நாள்கூட செஞ்சு பாக்கலையே! செய்யாத வேலையைத் தோத்துப் போச்சுன்னு முன்னூறு ஹெட்மாஸ்டர் முன்னாடி எப்படிச் சொல்வீங்க?

... எந்த இடம்? ... நான் பிள்ளைங்களைச் சந்திக்கற இடமா? நான் இடம் எதுவும்... நானா எழுதிக் குடுத்தேன்? ... இருங்க, இருங்க...

ஐயோ.

ஐயோ மேடம். பழைய கெமிஸ்ட்ரி லேப். மத்தவங்க எல்லாம் மரத்தடி, லைப்ரரின்னு கேட்டாங்க. நான் வீம்புக்கு அதை எழுதினேன். அங்க யாருமே போறதில்ல, ரெண்டு அலமாரி நிறைய ஆசிட் பாட்டில் அப்படியே... போறேன், போயிட்டேதான் இருக்கேன். வைக்காதீங்க! லைன்லயே இருங்க. தனியாப் போக எனக்குத் தெம்பு இல்ல...

... பின்கட்டு மாடி... கீழ கத்தினா இங்க எங்க கேக்கும்... மூச்சு... மூச்சு வாங்குது... ம்... ம், ஏறிட்டேன். கதவு சாத்தியிருக்கு.

சத்தமே இல்ல மேடம். ... தள்றேன். ... தள்றேன்னு சொல்றேன்ல, கை வர மாட்டேங்குது. ... ஆமா. ... ஆமா.

இருக்கா.

இருக்கா மேடம்! உக்காந்திருக்கா! ... ஒண்ணும் ஆகல. கை, கால், முகம் எல்லாம் பாத்துட்டேன், ஒரு கீறல் இல்ல. ... நான் எங்க அழறேன்? ... சரி, அழறேன், விடுங்க.

ஏம்மா, இங்க எப்ப வந்த? ... மேடம், திங்கக்கிழமை என் குழுவுல போட்டதுலேருந்து வராளாம். காலையில வருவாளாம், சாப்பாட்டுக்குக் கீழ போவாளாம், திரும்ப வந்து வீட்டுக்குப் போற வரைக்கும் இங்கயே. நாலு நாளா! ... என் குழுவுல மத்த ஒன்பது பேரும் சார் வரலன்னதும் ஆளுக்கொரு ரூம் பாத்துப் போயிட்டாங்களாம். வழிகாட்டிகிட்ட பேசாம அறை எடுக்கக் கூடாதுன்னு விதி போட்டீங்கள்ல? இந்த ஸ்கூல்ல அதை மதிச்சது இவ ஒருத்திதான்.

... கேட்டேன். பயமாத்தான் இருந்துச்சாம். பாட்டில் நெடி தாங்காம ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கா. ... கேக்காதீங்க மேடம்.

... படியில யாரோ... கிளார்க் குரல். நான் மாடிக்கு ஓடினதைப் பாத்துட்டு அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வராரு. ... நீங்க பேசறீங்களா? ... ம். ... ம், நான்தான் சொல்லணும். தெரியுது. ... பயமா இருக்கு மேடம். அம்பத்து மூணு வயசுல! ... நீங்க போங்க, மேடை ஏறுங்க. நிறுத்திட்டோம்னு மட்டும் சொல்லாதீங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, என் வைஸ் பிரின்சிபல்தான் பண்ணினான்னே சொல்லுங்க...

வந்துட்டாங்க. ... அம்மா, ஒரு நிமிஷம், நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கேட்டுட்டிருந்த...

... மேடம், அவ எந்திரிச்சு ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவங்க அம்மாகிட்ட என்னைக் காட்டி என்னமோ... கேட்டுச்சா உங்களுக்கு? ... 'சார் வந்துட்டாரும்மா'ங்கறா.

சிரிச்சுக்கிட்டே சொல்றா மேடம். ... இல்ல, இனிமே என்னால பேச முடியாது. வைக்கறேன்.