ராணிக்கு ஆகாத கை

ஏழே கால் மணிக்கு வந்து மூணு வாட்டி பெல் அடிச்சீங்க. கதவத் தெறந்ததும் ராணி எங்கன்னு கேட்டீங்க. கூடப் பொறந்த அண்ணன் உள் ரூம்ல படுத்திருக்காரு, அவரக் கேக்கல, காரக் கேட்டீங்க. சரின்னு ஷெட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன், பானெட்டத் தெறந்து காட்டினேன். இப்ப எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க தம்பி?

ஆமா, பெட்ரோலக் காத்தோட கலக்கற கார்புரேட்டரக் கழட்டியாச்சு. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் போட்டாச்சு. யாரக் கேட்டுப் பண்ணேனா? உங்க அண்ணனத்தான். பேச்சுதான் போச்சு, தலையாட்ட வரும்ல? ஆட்டினாரு.

கைய வைக்காதீங்க, சுடும். இப்பத்தான் பால் வாங்கப் போயிட்டு வந்தேன். ராணிலயான்னா? ஆமா, ராணிலதான். வருஷத்துக்கு ஒரு தடவ பழைய கார் கண்காட்சிக்கு அண்ணனும் தம்பியும் தொப்பி மாட்டிக்கிட்டுப் போவீங்களே, அதே ராணிதான். பால் கவர் கூட இன்னும் சீட்ல கெடக்கு பாருங்க.

இனிமே கண்காட்சில சேத்துக்க மாட்டாங்களா? சேக்க வேணாம். அண்ணன் வண்டிய உங்களுக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தாரா? இருக்கும். உள்ள போயிக் கேளுங்க, ஆட்டுறாரான்னு பாப்போம். சாவி என் இடுப்புல இருக்கு, அது வராது. பழைய கார்புரேட்டர் வேணும்னா அந்த அட்டப்பொட்டில கெடக்கு, எடுத்துட்டுப் போயி ஷோகேஸ்ல வச்சுக்கோங்க.

அதா? புகை போற பைப்புல தொள போட்டதுதான். அங்க ஒரு சென்சார் இருக்கு. போற பொகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடவா கொறவான்னு சீட்டுக்கு அடில இருக்கற டப்பாவுக்குச் சொல்லும். டப்பா அளந்து விடும். வெளில குளிரா, இஞ்சின் சூடா, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். ஓட்டுறது ஆம்பளயா பொம்பளயான்னு பாக்க மட்டும் அதுக்குத் தெரியல. சாவியத் திருப்பினா கெளம்புது, அவ்ளோதான்.

பாழாக்கிட்டேனா? நல்லா இருக்கு பேச்சு.

எனக்கும் லைசென்ஸ் இருந்துச்சு தம்பி. கல்யாணம் ஆன புதுசுல நான்தான் ஓட்டுவேன். அப்புறம் ஒரு நாள் சண்ட போட்டுட்டு ராணிய எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். அவரே வந்து கூட்டிட்டு வந்தாரு. திட்டல, ஒரு வார்த்த கேக்கல. பெரிய மனுசன்னு நெனச்சேன். ஆனா அதுக்கப்புறம் ராணி என் கைக்குக் கெளம்பவே இல்ல. ஆறிக் கெடக்கற இஞ்சினக் கெளப்பறதுக்கு இருக்கற சோக்க இழுப்பேன், சாவியத் திருப்புவேன், இருமும், நின்னுடும். அவரு வந்து உக்காந்தா சமத்தா கெளம்பும். நீங்க கூட சொல்வீங்களே, ஒரு வீட்டுல ரெண்டு ராணி ஆகாது அண்ணின்னு. வர்றவங்க போறவங்க எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன், வெக்கங்கெட்டுப் போயி.

ஏன் மூஞ்சி மாறுது? ஸ்டூல் இருக்கு, உக்காருங்க.

மெக்கானிக் இஞ்சினப் பிரிக்கறப்ப என்னக் கூப்பிட்டாரு. அம்மா, இத்தன வருஷம் இந்த சோக்க வச்சு எப்படி ஓட்டுனீங்கன்னாரு. டேஷ்போர்டுல இழுக்கற குமிழ்லேர்ந்து ஒரு கம்பி உள்ள போகுதுல்ல? அது கார்புரேட்டர் வரைக்கும் போகல. பாதிலயே நறுக்கி, ஒரு ஸ்பிரிங்குல மாட்டி வச்சிருக்கு. ஸ்பிரிங் எதுக்கு? இழுத்தா கனமா வரணும்ல. வெறுமனே வந்தா நான் கண்டுபிடிச்சிருவேன்ல. அவரு தெனமும் கெளம்பறதுக்கு முன்னாடி பானெட்டத் தெறந்து துணியால தொடைப்பாரே, அப்ப சோக்கக் கையால மூடி வச்சிட்டு வந்து உக்காருவாரு. கெளம்பினப்புறம் சத்தம் கேக்கறேன்னு மறுபடி பானெட்டத் தெறந்து அத எடுத்து விடுவாரு. பக்தியா பாத்துக்கறாருன்னு நெனச்சேன் நான்.

அந்தக் கம்பியக் கொண்டு போயி அவரு முன்னாடி நீட்டினேன். இது உங்க வேலையான்னேன். கண்ண மூடிக்கிட்டாரு. தம்பி வேலையான்னேன். தலைய ஆட்டினாரு.

வெளையாட்டுக்குத்தான் பண்ணீங்களா? அண்ணன் சொன்னாரு, செஞ்சீங்க. இருக்கட்டும்.

மெதுவா பேசணுமா? எதுக்கு? அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

பக்கவாதம் வந்த அன்னிக்குக் காலைல அவருக்கு வாய் கோணிப்போச்சு. ஆம்புலன்ஸ் வேற பக்கம் போயிருக்கு, நேரம் ஆகும்னாங்க. எப்படியோ தூக்கி இதே பின் சீட்ல போட்டேன். இழுத்தேன், திருப்பினேன். இருமிச்சு, நின்னுச்சு. அவரு ஒரு கைய நீட்டி முன்னாடி காட்டிக்கிட்டே இருந்தாரு. ரோட்டக் காட்டுறாரு, சீக்கிரம் போங்கறாருன்னு நான் நெனச்சேன். அவரு பானெட்டக் காட்டியிருக்காரு தம்பி. அவரு செய்யச் சொன்ன வேலைய அவரே எனக்குச் சொல்லப் பாத்திருக்காரு. வாய் வரல.

அப்புறம் உங்களுக்குத்தான் போன் பண்ணேன். வாய் கோணிக்கிச்சு, வண்டி கெளம்பலன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? சோக்க நல்லா முழுசா இழுங்க அண்ணின்னீங்க.

பதட்டத்துல மறந்துட்டீங்களா? இருக்கும். ஒரு பொய்ய அவ்ளோ நாள் சொன்னா வாய்க்கு அது பழகிடும். நானும் நீங்க சொன்ன மாதிரியே இழுத்தேன், பேட்டரி சாகற வரைக்கும். எதிர்வீட்டுக்காரரு வேன் எடுத்துட்டு வந்தாரு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சையும் இப்ப வெளங்காமக் கெடக்கற கையையும் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க. அண்ணிக்கு வண்டி எடுக்கத் தெரிஞ்சிருந்தா இந்த கதி வந்திருக்காதுன்னு சொந்தக்காரங்ககிட்ட சொன்னதும் நீங்கதான். எல்லாம் என் காதுக்கு வந்துச்சு.

அழாதீங்க. எனக்கு நேரம் இல்ல, அவருக்குக் கஞ்சி குடுக்கணும். ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க. உங்க வீட்டுல கீழ் ரூம் ஒண்ணக் காலி பண்ணி வைங்க. கட்டிலுக்கு ஒரு பக்கம் கம்பி இருக்கணும், ராத்திரி உருண்டுடறாரு. மாத்திரையெல்லாம் பையில போட்டுத் தர்றேன். உங்க வீட்டம்மாகிட்டப் பேசிட்டேன், முதல்ல முடியாதுன்னா, அப்புறம் அந்தக் கம்பியப் பத்திச் சொன்னேன், சரின்னுட்டா.

நானா? நான் எங்க போனா உங்களுக்கென்ன தம்பி.

வர்ற திங்கக்கெழம, பதினாலாந்தேதி, இதே வண்டில அவரக் கொண்டாந்து உங்க வீட்டு வாசல்ல விடுறேன்.