ஜாதக நோட்டின் மூன்றாவது கட்டம்

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், ராமநாதபுரம். 24.06.2025 அன்று காலை 11 மணிக்குப் புகார்தாரர் நேரில் ஆஜராகிச் சொல்ல, சொன்னபடி பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் முத்துகிருஷ்ணன். வயது 58. தகப்பனார் பெயர் சோணைமுத்து, காலமாகிவிட்டார். நயினார்கோவில் ஒன்றியத்தில் சொந்த ஊரில் குடியிருந்து நெல்லும் மிளகாயும் விவசாயம் செய்து வருகிறேன். என் மனைவி மாரிச்செல்வி. எங்களுக்கு ஒரே மகள், நாகஜோதி, வயது 27. மதுரையில் பெண்கள் விடுதியில் தங்கி, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுக்கிறாள். சம்பளத்தில் ஒரு பகுதியை அவர்கள் பிட்காயினாகக் கொடுப்பார்கள். அதை அவள் தொடாமல் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். சுமார் பதினொரு லட்சம் மதிப்பு. கல்யாணத்துக்காக நான் நிலத்தை விற்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

கடந்த தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது கூரியரில் வந்த ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்து, சீல் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் முன்னிலையில் பிரித்தாள். பென் டிரைவ் அளவில் ஒரு மிஷின் இருந்தது. பிட்காயினைப் பூட்டி வைக்கிற ஹார்டுவேர் வாலட் என்றாள். லேப்டாப்பில் சொருகி, பெற்ற தகப்பனான எனக்கே தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு பின் நம்பர் போட்டாள். அதன் பிறகு மிஷினின் சிறிய திரையில் ஒவ்வொன்றாக இருபத்து நான்கு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன. அவற்றைப் பெட்டியில் இருந்த அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அதன் பிறகு சிறு தொகையை மட்டும் அதற்கு அனுப்பிவிட்டு, மிஷினில் உள்ளதை எல்லாம் அழித்து, அந்த வார்த்தைகளை மறுபடி கொடுத்துத் தொகை திரும்ப வருகிறதா என்று பார்த்தாள். விதைப்பதற்கு முன் நாங்கள் நாலு விதை போட்டு முளைப்புப் பார்ப்பது போல் பார்த்தாள். வந்தது. அதன் பிறகே மீதியையும் அனுப்பினாள்.

விடுதியில் நாலு பேர் புழங்கும் அறை என்பதால் மிஷினைத் தான் வைத்துக்கொண்டு அட்டையை என்னிடம் கொடுத்தாள். "அய்யா, மிஷின் தொலஞ்சாக்கூடப் பரவாயில்ல, வேற வாங்கிக்கிறலாம். இந்த வார்த்த வேற ஒருத்தன் கைக்குப் போனா அம்புட்டும் அவனுக்குத்தான். போட்டோ, ஜெராக்ஸ் எதுவும் எடுக்கப்படாது. ஒரே எடத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் பத்திரமான இடம் என்றால் அவளுடைய ஜாதக நோட்டுத்தான். இருபத்தேழு வருடமாகக் கரையான் தொடாத நோட்டு. எந்தத் திருடனும் ஜாதகத்தைத் தூக்கிப்போக மாட்டான் என்பது என் கணக்கு. அதில் முதலில் ராசிக் கட்டமும் அடுத்து நவாம்சக் கட்டமும் இருக்கும். கடைசிப் பக்கத்தில் நான் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். மேஷத்தில் தொடங்கி வலமாக, வீட்டுக்கு இரண்டு வார்த்தையாக எழுதினேன். பன்னிரண்டு வீட்டுக்கு இருபத்து நான்கு வார்த்தை மிச்சமில்லாமல் சரியாக வந்தது. மகரத்தில் ஆனியன் என்றும் அங்கிள் என்றும் விழுந்தது. பார்த்தவன் ஜாதகம் என்றே நினைப்பான் என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, நோட்டின் மூலையில் மஞ்சள் தடவி, அட்டையை அடுப்பில் போட்டேன்.

அதன் பிறகு வைகாசியில் வரன் பார்க்கத் தொடங்கினோம். 02.06.2025 அன்று எங்கள் தரகர் அய்யப்பன் வந்து ஆறு இடத்துக்கு ஜாதகம் வேண்டும் என்று நோட்டைக் கேட்டார். பரமக்குடியில் ஜெராக்ஸ் எடுத்துவருவதாகச் சொன்னார். நான், "முழு நோட்டையும் எடுத்துக் காசக் கரியாக்காதய்யா, கட்டத்த மட்டும் எடு" என்றேன். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். கட்டம் இருந்த மூன்று பக்கத்தையும் ஆறு பிரதி எடுத்து ஆறு இடத்துக்கும் கொடுத்துவிட்டார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. ஐந்து மாதத்தில் எனக்கே அது கட்டமாகத் தெரியத் தொடங்கியிருந்தது. நோட்டைக் கொடுக்கும்போது அதன் நினைவே வரவில்லை.

06.06.2025 காலை ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து சேதுபிரபு என்பவர் போனில் பேசினார். ஜாதகம் கொடுத்த ஆறு வரன்களில் அவரும் ஒருவர். பத்தில் நாலு பொருத்தம்தான் என்று முந்தைய நாளே அவரைத் தள்ளியிருந்தோம். "மாமா, கடைசிக் கட்டத்துல இருக்கது ஜாதகம் இல்ல. அது யாரோட வாலட்டோ. யார் யாருக்குக் குடுத்தீகளோ ஒடனே திரும்ப வாங்குங்க. காச வேற வாலட்டுக்கு மாத்தச் சொல்லுங்க. ஏங்கிட்ட இருந்தத அடுப்புல போட்டுட்டேன்" என்றார். பொருத்தமே இல்லாதவன் மாமா என்று கூப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. தள்ளிவிட்ட கோபத்தில் பேசுகிறான் என்று, "எங்க வீட்டு விசயம் எங்களுக்குத் தெரியும், வையிப்பா போன" என்று வைத்துவிட்டேன். அதன் பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டம் எது என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கிறுக்கன் என்பாள் என்று பயந்தேன்.

08.06.2025 ஞாயிறன்று அவளே பேசினாள். மூன்று நாளுக்கு முன்பே, அதாவது ஐந்தாம் தேதியே, வாலட்டில் இருந்தது முழுவதும் வேறு எங்கோ போய்விட்டதாக மிஷின் காட்டுகிறது என்றாள். "அய்யா, அந்த அட்டைய யாருக்கும் காட்டுனீகளா?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பிவிட்டாள். தப்பு தன்னுடையதுதான், ஏதோ கண்ட லிங்க்கைத் தொட்டிருப்பேன் என்று விடுதியில் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். "மெலிஞ்சு போனியே, பொண்ணுப் பாக்க வாராகளே" என்று ஊருக்கு வந்தவளிடம் அவள் அம்மா சத்தம் போட்டபோது நான் வயலுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு 15.06.2025 அன்று ஜாதகம் கொடுத்த ஆறு வரன்களில் ஒருவரான கோகுலவாசன் என்பவர் திருவாடானையிலிருந்து குடும்பத்துடன் பெண் பார்க்க வந்தார். செல்போன் கடை வைத்திருக்கிறார். பத்துக்கு ஒன்பது பொருத்தம். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பொண்ணக் குடுத்தாப் போதும்" என்று அவரே சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று நான் பூரித்துப் போனேன். கையில் இருந்ததைத் தொலைத்துவிட்ட என் மகளும் இனி அய்யா நிலத்தை விற்க வேண்டாமே என்று சரி என்று சொன்னாள். 04.07.2025 அன்று நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

22.06.2025 ஞாயிறன்று கோகுலவாசனின் தாயார், லக்னப் பத்திரிகை எழுதுவதற்காக வெற்றிலை பாக்குத் தட்டில் இருவர் ஜாதகத்தையும் வைத்துக் கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது என்றே நம்புகிறேன். தெரிந்தால் கொண்டுவந்திருக்க மாட்டார். எங்கள் வீட்டு ஜெராக்ஸைப் புரட்டினேன். மூன்றாவது கட்டத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் பென்சிலால் பொடியாக நம்பர் போட்டிருந்தது. மேஷத்தில் ஒன்று, இரண்டு. மகரத்தில் பத்தொன்பது, இருபது. மீனத்தில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு. வார்த்தைகளை வரிசையாக மிஷினில் கொடுக்க நினைத்தவன்தான் அப்படி நம்பர் போடுவான்.

அந்த அம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதையும் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, ஊருக்கும் சொல்லியாயிற்று. பொய் சொன்னதும் மகளுக்குத் தெரியவரும். ஆனால் அந்தக் காகிதத்தைத் தட்டில் திரும்ப வைத்தால் அவளையும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தது போலாகிவிடும் என்று தோன்றியது. பத்திரிகை இன்று எழுத வேண்டாம் என்று அந்த அம்மாளை அனுப்பிவிட்டு, காகிதத்தை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அடுத்த பஸ் பிடித்து மதுரைக்குப் போய் விடுதி வாசலில் வைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். போனில் வந்த எச்சரிக்கையையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். என் மகள் அழவில்லை. "நான் பதினாலு நாளா என்னையவே வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன்யா" என்றாள். என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "போன் பண்ணாருல, அவரு நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். என் போனில் அந்த நம்பரை 'நாலு பொருத்தம்' என்று பதிந்து வைத்திருந்தேன். அவளே தேடி எடுத்து, அந்தப் பெயரைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு, என்னை அங்கேயே நிற்க வைத்துவிட்டு, தள்ளிப் போய் அவரிடம் பேசினாள். முக்கால் மணி நேரம் பேசினாள்.

சாட்சி சொல்ல வருவதாக ஒப்புக்கொண்ட சேதுபிரபு இப்போது நிலையத்துக்கு வெளியே என் மகளுடன் உட்கார்ந்திருக்கிறார். பென்சிலால் நம்பர் போட்டவர் யார் என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடித்து, என் மகளின் உழைப்பை மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மேற்படி ஜெராக்ஸ் மூன்று தாளையும் அசல் ஜாதக நோட்டையும் ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்ததும் நோட்டு திரும்பக் கிடைக்கும், ஆனால் நாளாகும், அதற்குள் வரன் பார்க்கத் தேவைப்படுமா என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். தேவைப்படாது என்று சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. அனைத்தும் உண்மை. இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) சோ. முத்துகிருஷ்ணன்